ஒரு மெய்யெழுத்து

என் கையெழுத்து நன்றாக இருக்கும். பள்ளிக்கூடத்திலேயே கரும்பலகையில் எழுத என்னைத்தான் கூப்பிடுவார்கள். அதனால்தானோ என்னவோ, பெண்கள் ஆஸ்பத்திரியில் கேஸ் ஷீட் எழுதும் வேலை பதினாறு வருடமாக என்னைவிட்டுப் போகவே இல்லை. டாக்டர் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். அவர் கீழே கையெழுத்துப் போடுவார். அவருக்கு நாங்கள் 'எக்ஸ்பிரஸ்' என்று பெயர் வைத்திருந்தோம். டீ ஆறுவதற்குள் நாற்பது ஷீட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து அதைச் சூடாகவே குடிப்பார். படித்துப் பார்த்துப் போடுகிற வழக்கமெல்லாம் கிடையாது. தலையெழுத்தைக் கடவுள் எழுதுகிறார் என்பார்கள். எங்கள் வார்டில் பாதியை நான்தான் எழுதினேன்.

ஷீட்டில் ஒரு கட்டம் உண்டு. அதில் 'கலைந்த கரு' என்று எழுதினால் அந்தப் பெண்ணுக்கு வயிற்றைச் சுத்தம் செய்து, மாத்திரை கொடுத்து, மறுநாள் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். 'கலைத்த கரு' என்று எழுதினால் அன்று மாலைக்குள் போலீஸுக்குத் தகவல் போக வேண்டும். எங்கள் நாட்டில் கலைப்பது குற்றம், சட்டம் அப்படி. நடுவில் இருப்பது ஒரே ஒரு மெய்யெழுத்து. ந் போட்டால் வீடு, த் போட்டால் ஜெயில்.

நான் கல்நெஞ்சக்காரி இல்லை என்பதற்கு ஒன்று சொல்கிறேன். கலைத்துவிட்டு வந்த எத்தனையோ பேருக்கு நான் ந் போட்டிருக்கிறேன். கல்லூரிப் பை தோளில் தொங்க ஒரு பெண் வந்தாள். ஷீட்டைப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. கேன்டீனில் இதைப் பற்றிச் சண்டை வந்தால் நர்ஸ்களில் பாதிப் பேர் அது உயிர் என்பார்கள், மீதிப் பேர் வயிறு யாருடையது என்று கேட்பார்கள். நான் எந்தப் பக்கமும் பேசமாட்டேன். எல்லோருக்கும் என்னைப் பிடிக்கும்.

எனக்கு நான்கு முறை தங்கவில்லை. நான்கு ஷீட்டிலும் 'கலைந்த கரு' என்றுதான் இருக்கிறது. கடைசி ஷீட்டை நானே எழுதினேன், அன்று வேறு ஆள் இல்லை. அதற்கப்புறம் கணவர் வேறு வாழ்க்கையைத் தேடிப் போய்விட்டார். நான் தம்பி வீட்டுக்கு வந்தேன். தாய் தகப்பன் இல்லாத அவனை வளர்த்தவள் நான், அதனால் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. தம்பி மனைவி தனக்கென்று வைத்திருந்த அலமாரியில் பாதியை எனக்கு ஒழித்துக் கொடுத்தாள். அவர்களுக்கு இரண்டும் பெண். பெரியவளுக்கு ஏழு வயது, சின்னவளுக்கு இரண்டு. சாப்பாடு ஊட்டுவது, தலை வாருவது, பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுவது எல்லாம் நான்தான். அத்தை அத்தை என்று காலைச் சுற்றிக்கொண்டே இருக்கும்.

போன வருடம் தம்பி மனைவிக்கு மூன்றாவது தங்கியது. சமையலறையில் என்னிடம்தான் முதலில் சொன்னாள். "இந்த வயசுல மூணாவதா அண்ணி, எனக்கே வெக்கமா இருக்கு. இப்ப வேணாம்னு சொன்னா அது கேக்கவா போகுது" என்று சிரித்தாள். சொல்லும்போது அவள் கை வயிற்றின் மேல் இருந்தது. பின்னால் போலீஸ் கேட்டபோது 'வேணாம்' என்று அவள் சொன்னதைச் சொன்னேன். சிரித்ததையும் கை இருந்த இடத்தையும் அவர்கள் கேட்கவில்லை.

பதினோராவது வாரம். காலை பத்தரை மணி இருக்கும், நான் டியூட்டியில் இருந்தேன். தம்பி அவளைத் தூக்காத குறையாகக் கொண்டுவந்தான். கையும் ஓடாமல் காலும் ஓடாமல் நின்றான். எக்ஸ்பிரஸ் பார்த்துவிட்டு, "தானா கலைஞ்சிருக்கு, எழுதிக்கோங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து தலையைக் கோதினேன். எனக்கும் அழுகை வந்தது, அது நடிப்பில்லை. அவள் என் மடியில் முகத்தை வைத்து, "போச்சு அண்ணி. நீங்க எப்படித் துடிச்சிருப்பீங்கன்னு இப்பத்தான் எனக்குப் புரியுது" என்றாள். கொஞ்ச நேரம் விசும்பிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நல்லவேளை, வீட்ல ரெண்டு இருக்கு."

அவள் வேறு எதையும் நினைத்துச் சொல்லவில்லை. தன்னைத் தேற்றிக்கொள்ளச் சொன்ன பேச்சு. எனக்கும் அது தெரியும். நான் எழுந்து என் மேஜைக்குப் போனேன், பேனாவைத் திறந்தேன், அந்தக் கட்டத்தில் த் போட்டேன். டாக்டர் நாற்பதோடு நாற்பத்தொன்றாக அதிலும் கையெழுத்துப் போட்டார்.

மாலையில் போலீஸ் வந்தது. இரண்டு நாள் கழித்து ஒரு பெண் போலீஸ் வீட்டுக்கு வந்து பெரியவளிடம், "அம்மா ஏதாவது மருந்து குடிச்சாங்களா கண்ணு?" என்று கேட்டார். அந்த வாரம் முழுக்க தம்பி மனைவிக்கு இருமல். இருமல் மருந்து குடித்துக்கொண்டிருந்தாள். போலீஸ் வருவதற்கு முன்னால் நான் பெரியவளை உட்காரவைத்து, "கேட்டா, ஆமா குடிச்சாங்க, கசப்பா இருந்துச்சுன்னு மட்டும் சொல்லு, வேற எதுவும் பேசாத" என்று சொல்லியிருந்தேன். குழந்தைக்கு நான் பொய் சொல்லிக் கொடுக்கவில்லை. ஒரு வார்த்தையைக் குறைத்துச் சொல்லச் சொன்னேன், அவ்வளவுதான்.

கோர்ட்டில் எக்ஸ்பிரஸ், "ஷீட்ல என்ன இருக்கோ அதுதாங்க நான் பார்த்தது" என்றார். படிக்காமல் கையெழுத்துப் போட்டேன் என்று சொன்னால் அவர் வேலை போய்விடும். அவரை நான் குறை சொல்லமாட்டேன்.

வாசலில் இரண்டு கூட்டம் நின்றது. வாயில்லாத உயிருக்காகப் பேசுகிறோம் என்று ஒரு கூட்டம். அவள் வயிறு, அவள் முடிவு என்று இன்னொரு கூட்டம். இரண்டு பக்கமும் அவளுடைய போட்டோவைத்தான் தூக்கிப் பிடித்திருந்தார்கள். அவளுக்காக வாதாட வந்த வக்கீல் சின்ன வயதுப் பெண், தங்கமான மனசு. "ஷீட்டை உடைக்க முடியாதுக்கா. கலைச்சிருந்தாலும் அது உங்க உரிமைன்னுதான் வாதாடப் போறேன்" என்றாள். இவள், "நான் கலைக்கலைங்க, எனக்கு அது வேணும்ங்க" என்றாள். அன்று அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள். கலைக்கலாமா கூடாதா என்று அத்தனை பேர் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்கள். அவள் கலைத்தாளா என்று யாரும் கேட்கவில்லை. பறிகொடுத்த பிள்ளைக்காக உட்கார்ந்து அழக்கூட அவளுக்கு ஒரு நாள் கிடைக்கவில்லை.

ஐந்து வருடம் போட்டார்கள். தம்பி நம்பிவிட்டான். வளர்த்த அக்கா பொய் சொல்லமாட்டாள் என்று நினைத்தான். ஜெயிலுக்கு ஒரு தடவைகூடப் போய்ப் பார்க்கவில்லை. எட்டு மாதம் ஆகிறது. வீடு அமைதியாக ஓடியது. உண்மையைச் சொல்வதென்றால், என் வாழ்க்கையில் நான் சந்தோஷமாக இருந்தது அந்த எட்டு மாதம்தான்.

இப்போது ஏன் ஸ்டேஷனுக்கு வந்தீர்கள் என்று கேட்டீர்கள். பெரியவளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். கண்ணாடியைப் பார்த்தபடியே, "அத்தை, இருமல் மருந்துன்னு நான் சொல்லியிருந்தா அம்மாவ விட்டிருப்பாங்களா?" என்றாள். பின்னலை முடித்து ரிப்பன் கட்டினேன். அவளே புரிந்துகொண்டாள். அன்றிலிருந்து பத்தொன்பது நாளாக அந்தக் குழந்தை யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. டீச்சர் கூப்பிட்டு விட்டார். நானும் மடியில் போட்டுக் கெஞ்சிப் பார்த்துவிட்டேன். பாவம் செய்தவள் நான், பழியைத் தூக்கிச் சுமப்பது ஏழு வயதுக் குழந்தை.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். அவள் எதையும் கலைக்கவில்லை. தானாகக் கலைந்தது. நான் தெரிந்தே, சுயபுத்தியோடு, பொய்யாக எழுதினேன். யாரும் என்னைத் தூண்டவில்லை. அவளை இன்றைக்கே வெளியே விட வழி உண்டா என்று பாருங்கள். பெரியவளிடம், தப்பு அவளுடையது இல்லை என்று நீங்களே சொல்லுங்கள். நான் சொன்னால் இனி நம்பமாட்டாள்.

இன்னும் ஒன்று. தம்பி மனைவி வீட்டுக்குப் போனதும் சின்னவளைப் பற்றி அவளிடம் ஒரு விஷயம் சொல்லிவிடுங்கள். காய்ச்சல் வந்தால் சின்னவள் அழமாட்டாள். சும்மா ஒரு ஓரமாக உட்கார்ந்து காதைப் பிடித்துக்கொள்வாள், அதை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். தம்பி மனைவிக்கு இதெல்லாம் தெரிந்திருக்க நியாயமில்லை. பெற்றவளுக்குத்தானே தெரியும்.