பருப்பில்லாத சாம்பார்

நான் நன்றாகச் சமைப்பேன், இன்ஸ்பெக்டர் மேடம். முகப்பேரில் எங்கள் பிளாக்கில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். பருப்பே போடாமல் சாம்பார் வைப்பேன்; சாப்பிடுகிறவருக்குத் தெரியாது.

நடந்துகொண்டே பேசலாமா? நாள் முழுக்க நின்று வேலை பார்த்தே பழக்கம்.

பூந்தமல்லிப் பக்கம் ஓர் ஆய்வுக்கூடத்தில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறேன். எலிகளுக்குப் புரதம் இல்லாத தீவனம் கொடுப்போம். இரத்தத்தில் சிவப்பணு உற்பத்தி குறைந்துவிடும். மறுபடி நல்ல தீவனம் கொடுத்தால் இளம் எலிகள் சீக்கிரம் தேறிவிடும். கிழட்டு எலிகள் இழுத்துக்கொண்டு கிடக்கும். அதைக் கட்டுரையாக எழுதி ஓர் ஆய்விதழுக்கு அனுப்பினேன். ‘எலிக்குச் சரி, மனிதருக்கு?’ என்று ஒரே வரி எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த வரி என்னை அரித்துக்கொண்டே இருந்தது. பஸ்ஸில் நிற்கும்போதும், அரிசி களையும்போதும்.

மாமனார் வேலுசாமிக்கு எழுபத்தாறு வயது. அம்பத்தூரில் லேத் ஓட்டியவர். முட்டை, பால், மீன், பருப்பு எல்லாவற்றையும் நிறுத்தினேன். வயிறு நிறையத்தான் போட்டேன். திங்கள்தோறும் கையை நீட்டுவார், இரத்தம் எடுப்பேன்.

“இன்னாம்மா, இன்னிக்கும் கஞ்சிதானா? மீனு துன்னு எம்மா நாளாச்சு.”

“கிட்னிக்கு ஆகாது மாமா.”

“நீ படிச்சவ. நீ சொன்னா கரீட்டாத்தான் இருக்கும்.”

மூன்றாம் மாதம் மாடிப்படியில் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டார். நகமெல்லாம் வெளுத்திருந்தது. டாக்டரிடம் காட்டலாம் என்று கணவர் சரவணக்குமார் சொன்னார். “வயசுதாங்க” என்றேன். அது பொய்யில்லை, வயதும் ஒரு காரணம். சிவப்பணு எண்கள் அவ்வளவு ஒழுங்காக இறங்கிக்கொண்டிருந்தன. நூற்றிருபதாம் நாள் முட்டை கொடுக்கத் தொடங்குவதாக இருந்தேன். நூற்றுப் பன்னிரண்டாம் நாள் குளியலறையில் விழுந்தார். எழவில்லை.

அவர் சாக வேண்டும் என்று நான் நினைத்ததேயில்லை. அவர் தேறுவதைத்தானே பார்க்க வேண்டியிருந்தது.

ஆனால் ஒரு முதியவரை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஒப்பிட இளையவர் ஒருவர் வேண்டும். வீட்டில் வர்ஷா இருந்தாள், என் மகள், எட்டு வயது. மாமனாருக்குத் தொடங்கிய அதே நாளில் அதே சாப்பாட்டை அவளுக்கும் தொடங்கியிருந்தேன். கணவர் கண்டெடுத்து உங்களிடம் கொடுத்த நோட்டில் இடது பக்கம் மாமனாரின் எண்கள், வலது பக்கம் அவளுடையவை.

பள்ளிக்கூடத்தில் யார் டப்பாவிலிருந்தும் எடுத்துத் தின்னக் கூடாது என்று சொல்லியிருந்தேன். சொன்ன பேச்சு கேட்கிற பிள்ளை. ஊசிக்கு ஒரே ஒரு முறைதான் அழுதாள். அப்புறம், “தாத்தா அழல, நானும் அழ மாட்டேம்மா” என்றாள். போகப்போகக் கீழே விளையாடப் போவதை விட்டுவிட்டாள். சாயங்காலம் யூனிபார்மோடு தூங்கிவிடுவாள். தலைமுடி கொத்தாக வந்தது. நான் பயப்படவில்லை. இளம் எலி ஒன்றுகூடத் தேறாமல் போனதில்லை. பெற்றவள் நான், அவளுக்குக் கெடுதல் நினைப்பேனா?

ஆஸ்பத்திரியில் இன்று காலை அவளுக்கு முட்டை கொடுத்தார்கள் என்றீர்கள். கொடுக்கட்டும், எனக்கும் நிம்மதிதான். கொடுப்பதற்கு முன்னால் இரத்தம் எடுத்தார்களா என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள், மேடம்.