கடலில் கண்டதன் நீளம்

ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டு மூன்று லொறி வாங்கியவன் நான். ஆனாலும் கதை கேட்பதற்காகவே பஸ்ஸில் போவேன். சுன்னாகத்தில் ஏறிய ஒரு மீனவரும் மனைவியும் என் பக்கத்தில் இருந்தார்கள்.

“விசித்திரப் பிராணி தேடுற ஆக்களின்ரை கூட்டத்திலை உங்களைப் பார்த்துச் சிரிச்சவையோ?” என்று மனைவி கேட்டாள்.

“இல்லையப்பா. நான் கடலிலை கண்டதைச் சொல்லச் சொல்லக் கொப்பியிலை எழுதினவை. எவ்வளவு நீளமெண்டும் கேட்டவை.”

“என்ன சொன்னனீங்கள்?”

“மூண்டு பாகம்.” ஒரு பாகம் எவ்வளவென்று அவர் இரு கைகளையும் விரித்ததில் என் மூக்குக்கண்ணாடி கழன்றது.

“பயத்திலை ஒரு மாதமாத் தொழிலுக்குப் போகேல்லை. இனியாவது போவியளோ?”

“நாளைக்கே போறன். அது ஆக்களை ஒண்டும் செய்யாதாம். திரும்பக் கண்டால் வாலையும் அளந்துகொண்டு வரட்டாம்.”

அவள் நிம்மதியாக மூச்சு விட்டாள். “போங்கோ. ஆனால் கிட்டப் போகாதேங்கோ. கண்ணாலை அளந்தால் போதும்.”