வெட்டு நாள்

விளக்கைக் கொஞ்சம் தாழ்த்துங்க. போதும். இன்னும் கிட்ட வந்து உட்காருங்க… இது என் சிநேகிதர் தங்கராஜுவோட சித்தப்பாவுக்கு நடந்தது. ஐயாசாமின்னு பேரு.

ராத்திரி பத்தரை மணி. வருஷம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தெட்டு. ஜோகூர்ப் பக்கம், பெக்கோக் கடைத்தெருவிலிருந்து ரப்பர் தோட்டத்துக்குப் போகிற செம்மண் ரோடு. மழை விட்டிருந்தது. இலையிலிருந்து சொட்டுகிற சத்தம் மட்டும்… டப்… டப். வளைவில் ஒரு மரத்துக்குப் பின்னால் ஐயாசாமி நின்றுகொண்டிருந்தான். கையில் பால் வெட்டுகிற உளி. முகத்தில் இன்னும் போகாத தார் வாடை.

காலையில் பிரட்டுக்களத்தில், பேர் கூப்பிடுகிற நேரத்தில், பெரிய கங்காணி சபாபதி அவனை முன்னால் வரச்சொன்னார். ஐயாசாமிக்குக் கை கனம். பட்டையோடு நிற்காமல் உளி கட்டைவரை இறங்கிவிடும். மரத்தில் காயம் பட்டால் தார் பூசுவார்கள்.

"மரத்துக்கு மட்டும் மருந்து போட்டா ஆச்சா? வெட்டுன பயலுக்கு யார்றா போடுறது?"

தார் மட்டையை நெற்றியிலிருந்து தாடைவரை இழுத்தார். அவனுடைய உளியையும் பிடுங்கிக்கொண்டார். களமே சிரித்தது. கல்யாணமாகி நாலு மாதம்கூட ஆகாத அவன் பெண்டாட்டி செல்லம் மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள். அந்தக் குனிந்த தலையைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

சாயங்காலம் காளியப்பனிடம் போனான். அதே தோட்டத்து வெட்டுக்காரன், தனிக்கட்டை. அவன் வெட்டினால் மரத்துக்கே தெரியாது என்பார்கள். வெட்டு முடிகிற இடத்தில் மணிக்கட்டை லேசாகச் சுண்டுவான். தூண்டில் முள் மாதிரி ஒரு சின்னக் கொக்கி விழும். அந்தக் கொக்கி வேறு எவன் கைக்கும் வராது.

"அண்ணே, உங்க உளியக் குடுங்க. பழைய மரத்துல கொஞ்சம் பழகிப் பாக்கறேன்."

எந்த வெட்டுக்காரனும் தன் உளியை அடுத்தவன் கையில் கொடுக்கமாட்டான். கொடுத்தால் கைராசி போய்விடும். காளியப்பன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு உளியை எடுத்து நீட்டினான்.

"கப்பல்ல ஒரே தட்டுல தின்னவங்க நாம. வெளிய சொல்லிடாத. விடியறதுக்குள்ள திருப்பிக் குடுத்துரு."

வளைவில் கங்காணியின் பாட்டு கேட்டது. கள்ளு வாடை முன்னால் வந்தது. ஐயாசாமி பின்னாலிருந்து முடியைப் பிடித்து, மரத்தை வெட்டுகிற மாதிரியே உளியை இழுத்தான். காதுக்குக் கீழிருந்து… சரக். கங்காணி திரும்பினார். இன்னொன்று. தாடை பிளந்தது. சேற்றில் விழுந்த பிறகும் கை நிற்கவில்லை. ஏழு வெட்டு. கூப்பிட வாய் திறந்தது. கழுத்திலிருந்துதான் சத்தம் வந்தது… கொப்புளிக்கிற மாதிரி. கடைசி வெட்டில் உளி எலும்பில் சிக்கிக்கொண்டது. இழுத்துப் பார்த்தான். வரவில்லை. ஓடிவிட்டான்.

உளியின் பிடியில் காளியப்பன் சூட்டுக்கோலால் போட்ட குறி இருந்தது.

ஜோகூர் பாரு கோர்ட்டில் காளியப்பன் உள்ளதைச் சொன்னான். "ஐயாசாமிக்கு இரவல் குடுத்தேங்கய்யா." ஐயாசாமியைக் கூண்டில் ஏற்றினார்கள். அவன் ஒரே ஒரு பதில்தான் சொன்னான். "உளிய யாரும் இரவல் குடுக்கமாட்டாங்கய்யா. தோட்டத்துல யாரை வேணாலும் கேளுங்க."

கேட்டார்கள். கணக்கு எழுதுகிற கிராணி, வெட்டுக்காரர்கள், கிழவன் வீரமுத்து… எல்லோரும் சத்தியமாக அதையேதான் சொன்னார்கள். ஒருவரும் பொய் சொல்லவில்லை. அதிலேயே காளியப்பனின் கழுத்துக்குக் கயிறு விழுந்தது.

விலங்கு போட்டு இழுத்துப் போகும்போது அவன் திட்டவில்லை. நின்று பார்த்தான்.

"ஐயாசாமி… உளிய இன்னும் நீ திருப்பிக் குடுக்கலியேடா."

கருணை மனுவைத் தள்ளிவிட்டார்கள். தூக்குக்கு இருபது நாள் இருந்தது.

மறுநாள் விடியக்காலம் ஐயாசாமி தன் நிரைக்கு, தனக்கு விட்ட மர வரிசைக்கு, போனான். காட்டோரத்துக் கடைசி மரத்தில் யாரோ முந்திக்கொண்டு வெட்டியிருந்தார்கள். மெல்லிசு வெட்டு. பால் பிடிக்கிற பீங்கான் கிண்ணத்தை அங்கே மங்கு என்பார்கள்; அது தளும்ப நிறைந்திருந்தது. விளக்கைக் கிட்டே பிடித்தான்.

வெட்டின் முடிவில் ஒரு கொக்கி.

காளியப்பனோ எழுபது மைலுக்கு அப்பால், கம்பிக்குள்.

ரப்பர் மரத்தை ஒரு நாள் வெட்டினால் மறுநாள் ஆறவிடுவார்கள். அடுத்த வெட்டு நாளில் இந்தப் பக்கத்து மரத்தில் அதே கொக்கி. அதற்கடுத்த வெட்டு நாளில் இன்னும் இந்தப் பக்கம். காட்டிலிருந்து வீட்டை நோக்கி… மரம் மரமாக. தூக்குக்கு முந்தின நாள், அவர்கள் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் நிற்கிற மரம். செல்லம் துணி காயப்போடுகிற மரம்.

யாரது கதவைச் சாத்துறது? திறந்தே இருக்கட்டும்.

அன்று இருட்டினதும் ஐயாசாமி சட்டையை மாட்டினான்.

"எங்கங்க இந்த நேரத்துல?"

"ஜோகூர் பாருக்கு. நாந்தான்னு சொல்லிடறேன், செல்லம்."

அவள் அழவில்லை. அவன் கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்தாள். உள்ளே பிள்ளை உதைத்தது. "இதுக்கு நான் என்னன்னு சொல்லட்டும்?" என்று கேட்டாள். அவன் கையை விடுவித்துக்கொண்டு நடந்தான்.

பெக்கோக் ஸ்டேஷனில் ரயில் வந்து நின்றது. கரிப்புகை. அவனுக்கு நேர் எதிரே பெட்டியின் கதவு திறந்திருந்தது. ஏறினால் காளியப்பன் பிழைப்பான். ஐயாசாமியின் உள்ளங்கையில் அந்த உதை இன்னும் இருந்தது. பிள்ளை முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு… ஒரே ஒரு தடவை… கால் எழவில்லை. ரயில் போய்விட்டது.

திரும்பி நடந்தான். அதே செம்மண் ரோடு. வளைவு தாண்டியதும் பின்னால் சத்தம். சரக்… அவன் நின்றால் அதுவும் நின்றது. நடந்தால், அவன் தாண்டின மரத்தில்… சரக். பச்சைப் பால் வாடை. அவன் திரும்பிப் பார்க்கவே இல்லை.

வீட்டுக்கு வந்து செல்லத்தின் பக்கத்தில் சுருண்டு படுத்தான்.

விடிகிற நேரம். ஜோகூர் பாருவில் பலகையைத் தட்டிவிடுகிற நேரம். காதுக்குக் கீழே சில்லென்று ஒரு கோடு ஓடியதில் ஐயாசாமி கண்விழித்தான். அசைய முடியவில்லை. பக்கத்தில் எதுவோ சொட்டிக்கொண்டிருந்தது. டப்… டப்.

செல்லம் விளக்கை ஏற்றிவிட்டு அலறினாள். அவன் தோள் ஓரமாக ஒரு மங்கு. முக்கால்வாசி ரத்தம். பாயில் ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. கழுத்து வெட்டில் ஆழமே இல்லை, தோலோடு நின்றிருந்தது. முடிவில் கொக்கி.

பிறகு ஜெயில் வார்டர் ஒருவர் சொன்னாராம்… காளியப்பனைக் கயிற்றிலிருந்து இறக்கினபோது, அவன் விரல் நுனியெல்லாம் ரப்பர் பால். காயாத பால். மாதக்கணக்காகக் கம்பிக்குள் இருந்தவன். அதைப் பார்த்தவர்கள் அந்தப் பலகையில் மறுபடி கால் வைக்க மறுத்துவிட்டார்கள். அங்கே கடைசியாகத் தொங்கினவன் காளியப்பன்தான் என்று தோட்டத்தில் இன்னும் பேச்சு.

மறுநாள் ஒன்றும் இல்லை. அதற்கு மறுநாள் விடியக்காலம்… சரக். முந்தின வெட்டுக்கு ஒரு மயிரிழை கீழே.

பதினோரு வருஷம். மகள் ராஜம்மா பிறந்தாள், தவழ்ந்தாள், பள்ளிக்கூடம் போனாள். ஐயாசாமி கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டு திரிந்தான். தோட்டம் மாறிப் பார்த்தான், சிம்பாங் ரெங்கத்துக்கு. கோயிலில் படுத்துப் பார்த்தான். வெட்டு நாள் தவறவில்லை. செல்லம் மங்கைக் கொண்டுபோய் வாழையடியில் கொட்டுவாள், கழுவிக் கவிழ்த்துவைப்பாள்.

அவன் செத்தபோது தங்கராஜுதான் குளிப்பாட்டினார். துணியைக் கழற்றினவர் செம்பைக் கீழே போட்டுவிட்டார். காதுக்கடியிலிருந்து பாதம்வரைக்கும், வெட்டி முடித்த மரப்பட்டை மாதிரி, கோடு கோடாக… ஒன்றுகூட ஆழமில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு கொக்கி. கடைசிக் கோட்டுக்குக் கீழே இடமில்லை.

"தம்பி, மூடிருப்பா," என்றாள் செல்லம். "இனிமே ஒண்ணும் இல்ல. முடிஞ்சிருச்சு."

அடக்கம் பண்ணிவிட்டு வந்து மங்கை நன்றாகத் தேய்த்துக் கழுவினாள். அடுப்படி மூலையில் கவிழ்த்துவைத்தாள். மகளை அணைத்துக்கொண்டு தூங்கினாள்.

மறுநாள் ஒன்றும் இல்லை.

அதற்கு மறுநாள் விடியக்காலம் செல்லம் கண்விழித்துப் பார்த்தாள். அடுப்படி மூலை காலி. மங்கு ராஜம்மாவின் தலைமாட்டில் இருந்தது.

நிமிர்ந்து.