எந்த சர்க்காருக்கு?

எல்லைப் போராட்டக் காலம். திருவனந்தபுரத்திலிருந்து பாறசாலைக்குப் போகும் பஸ்ஸில், ஜன்னல் சீட்டு கிடைக்காத எரிச்சலில் இருந்தேன். முன் சீட்டில் அண்ணனும் தம்பியும். அண்ணன் அன்று காலையில்தான் ஜெயிலிலிருந்து வெளியே வந்தவர். தம்பி கூட்டிப் போக வந்திருந்தான்.

"எலே, அண்ணன் ஜெயில்ல உண்டுன்னு ஸ்காலர்ஷிப் இன்டர்வியூல நீயே சொன்னியா?"

"வீட்டுல ஆரெல்லாம் உண்டுன்னு கேட்டாவ. சொன்னேன். நம்ம ஊரு தமிழ்நாட்டுல சேரணும்னு கொடி பிடிச்சதுக்காக்கும்னும் சொன்னேன்."

"அடப்பாவி! பொறவும் ஸ்காலர்ஷிப் தந்தாவளா?"

"தந்தாவ அண்ணே. அணைக்கட்டு, கால்வாய் எல்லாம் கட்டுத படிப்பு. பீஸும் ஹாஸ்டலும் அவியளுக்க செலவு. படிச்சு முடிச்சா அஞ்சு வருஷம் சர்க்காருக்கு வேலை செய்யணும். அதுக்கு ஒரு பத்திரம் உண்டு."

அண்ணனின் முகம் மாறியது.

"எந்த சர்க்காருக்கு?"

"நானும் அதைத்தான் கேட்டேன். பத்திரத்துல அந்த இடத்த மட்டும் காலியா விட்டிருக்காவ. எல்லை முடிவான பொறவு எழுதிக்கலாம்னு சொன்னாவ."

"அது தெரிஞ்சுமா ஒப்பு போட்டே?"

"தெரிஞ்சுதான் போட்டேன். எல்லைய எங்க போட்டாலும் நெய்யாத்துத் தண்ணி நம்ம வயலுக்கு வரணும்லா? கொண்டுவர ஒரு ஆளு வேண்டாமா?"

பஸ் நெய்யாற்றுப் பாலத்தைத் தாண்டும்போது அண்ணன் எட்டி ஆற்றைப் பார்த்தார். கண்டக்டர் வந்தார். அண்ணன் சில்லறையை நீட்டினார்.

"பாறசாலை, ரெண்டு."

டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு நகரப்போனவரின் கையைப் பிடித்து நிறுத்திச் சொன்னார்:

"இவன் எனக்க தம்பியாக்கும்."