லேடீஸ் செக்கிங்

– திரைய மூடாத லத்தீஃபா. தெறந்தே கிடக்கட்டும். நான் பாக்கத்தான வந்திருக்கேன்.

– பாருங்க மேடம். ஆனா ஷிப்டு உட இன்னும் டைம் கீது. இப்ப பாத்தா இன்னா தெரியும்? ஒரு ஸ்டூலு, கைல இந்த மிஷினு, இத்தினூண்டு இடம். ரெண்டு பேரு நின்னா மூச்சு முட்டும்.

– இந்த ரெண்டு பேரு நிக்க இடத்துலதான் டெய்லி சாயங்காலம் அம்புட்டு நேரம் ஆவுதா? ஆம்பளைங்க லைன் கடகடன்னு காலியாயிருது. பொம்பளைங்க லைன் கேன்டீன் வரைக்கும் நிக்கி. எங்க எச்.ஆருக்கு போனே வந்துட்டு.

– போனா? இன்னான்னு மேடம்?

– 'லேடீஸ் செக்கிங்ல நிக்க லத்தீஃபா சரியில்ல, ஒவ்வொருத்தியையும் உள்ள வச்சு என்னமோ பண்ணுதா, எங்களுக்கு ட்ரெயினு போயிருது'ன்னு. ஒரு பொம்பள குரலாம். எங்க நிர்மல்தான் எடுத்திருக்கான். பேரு கேட்டதும் வச்சுட்டா.

– என்னமோ பண்றேன்னா, இன்னா பண்றேனாம்?

– அதான் எனக்கும் புரியல. ராத்திரியெல்லாம் அதே நெனப்பு. இந்த நிவேதிதா ஒரு விஷயத்தக் கேட்டுட்டா நேர்ல பாக்காம அடங்க மாட்டா, வீட்லயும் என்னப் பத்தி இதே குறைதான் சொல்லுவாவ. உங்க ஏஜென்சி டில்லிபாபுக்கு போன் போட்டேன். 'நீங்க எதுக்கு மேடம் அலையணும், ஒரு மெயில் தட்டுங்க, திங்கக்கிழம வேற ஆள் வந்து நிக்கும்'னாரு.

– சொல்லுவாரு. அவருக்கு நானு ஒரு தலை. ஒண்ணைத் தூக்கிட்டு இன்னொண்ணை வெப்பாரு.

– வேல போனா என்ன செய்வே?

– பூந்தமல்லில எங்க ஊட்டாண்ட ஒரு துணிக்கடைல கூப்டுகினு கீறாங்க. சம்பளம் இதுல பாதி. என் பொண்ணு ஜோயா ஒம்பதாவது படிக்கிறா, சம்பாரிக்கிற ஆளு நான் ஒருத்திதான். பயம் இல்லன்னு சொன்னா பொய்யி மேடம்.

– அப்போ ஒளிக்காம சொல்லு. இன்னைக்கு சாயங்காலம் உன்ன வைக்கவா எடுக்கவான்னு நான் சொல்லியாகணும். இந்தத் திரைக்கு உள்ள என்ன நடக்கு?

– செக் பண்றது ஒரு நொடி வேல. காப்பர் துண்டு, கம்பி எதுனா மறச்சு வெச்சுகீறாங்களான்னு மிஷினை இப்டி காட்டுவேன், கையால ஒரு தபா தொட்டு பாப்பேன், முடிஞ்சுது. அப்பால அவங்க கொஞ்ச நேரம் நிப்பாங்க.

– நின்னு?

– தோ, அந்த காலண்டரத் திருப்பி பாருங்க.

– இது கண்ணாடில்லா. காலண்டருக்குப் பின்னால எவ மாட்டுனா?

– நான்தான். ஊட்ல இருந்து எட்த்துனு வந்தேன். ரொம்ப சின்னது, மொகம் மட்டும் தெரியும். காதுக்கு கம்மல் போட்றதுக்கு கொஞ்சம் சாயணும்.

– டாய்லெட்ல ஆள் ஒசரத்துக்கு ஒண்ணு இருந்துச்சே. நான் பாத்திருக்கேன்.

– கயட்டிட்டாங்க. லேடீஸ் அங்கியே நின்னுகினு கீறாங்க, லைனு லேட்டாவுதுன்னு சூப்ரவைசரு சொன்னாரு. ஒரே நாள்ல காணோம். இப்ப செவுத்துல ஆணி அடிச்ச ஓட்டை மட்டும்தான் கீது.

– எங்கிட்ட யாருமே சொல்லலியே.

– கண்ணாடி போச்சுன்னு உங்களாண்ட யாரு மேடம் வந்து சொல்லுவாங்க?

– சரிதான். இருந்தாலும் காலையில வீட்ல பாத்துட்டுத்தானம்மா வாராவ. மறுபடியும் வீட்டுக்குத்தானே போறாவ. நடுவுல இங்கன எதுக்கு?

– நீங்க உள்ள அவங்க வேல பாக்குற லைனுக்கு போயிருக்கீங்களா மேடம்?

– போயிருக்கேன். கண்ணாடிச் சுவருக்கு இந்தப்பக்கமா நின்னு பாத்திருக்கேன்.

– உள்ள போவ சொல்ல பூவு கயட்டணும், வளையலு, கம்மலு, ஹேர்பின்னு, கொலுசு, எல்லாம் டப்பால போட்டு என்னாண்ட குடுக்கணும். மொகத்துல பவுடரு இருந்தா தொடைக்கணும்.

– அந்த ரூல் எழுதுனது எங்க டிப்பார்ட்மென்ட்டுதான். சர்க்யூட் போர்டுல ஒரு தூசி விழுந்தா மொத்தமும் திரும்பி வந்துரும்.

– ரூலை நான் தப்பு சொல்லல. கரீட்டுதான் அது. ஆனா நீலக் கோட்டு, தொப்பி, மாஸ்க்கு எல்லாம் மாட்டிக்கினா யாரு யாருன்னு எனக்கே தெரியாது. டெய்லி தொட்டு செக் பண்ற எனக்கே. கோட்டுல நம்பரு பாத்துதான் கூப்பிடுறாங்க. 'எய்பத்தி நாலு, வேகமா போ.' பொழுதுக்கும் அப்டி இருந்துட்டு, சாயங்காலம் டப்பாவ வாங்கினு இங்க வர்றாங்க. அப்ப டைம் ஆவுது.

– அந்த நேரத்துல என்னதான் செய்வாவ? சொல்லேன். எனக்கு நெசமாவே தெரிஞ்சுக்கிடணும் போல இருக்கு.

– ஒருத்தரு மாதிரி ஒருத்தரு இல்ல மேடம். திருநின்றவூர்ல இருந்து ஞானம்மாள்னு ஒரு அக்கா வர்றாங்க. பவுடரு, பூவு ஒண்ணியும் தொட மாட்டாங்க. ஒரு ஈரத்துணி வெச்சுகினு விரலு விரலா தொடைப்பாங்க. ஈயம் பத்த வெக்கிற வேலயாச்சே, நகத்துக்கு அடில கறுத்துப் போயிடும். அத்த சுத்தமா எடுத்துட்டுதான் வெளிய வருவாங்க. பேத்திக்கு சோறு ஊட்டணுமாம். 'அதை ஊட்ல போயி பண்ணக்கூடாதா'ன்னு நானே கேட்டேன். 'ட்ரெயின்ல கம்பியப் புடிக்க சொல்ல என் கை எனக்கே தெரியுதுடி'ன்னாங்க.

– ம்ம்.

– வெள்ளானூரு ரேஷ்மான்னு ஒண்ணு. சின்னப் பொண்ணு, போன வருசம்தான் கல்யாணம் ஆச்சு. அது லிப்ஸ்டிக்கு போடும். நல்லா அடர் மெரூனு. ஷோக்கா போட்டுகினு ஒரு தபா பாக்கும். அப்பால தொடைச்சிட்டு போயிடும்.

– தொடைச்சிருமா? போட்டதயா?

– ஊட்ல உட மாட்டாங்க. 'அப்ப எதுக்குடி போட்ற'ன்னேன். 'நான் பாக்கணும்லக்கா'ன்னுச்சு.

– அவ்வளவுதானா? பாக்கதுக்கு மட்டுமா?

– அவ்ளோதான். வர்ஷான்னு இன்னொருத்தி. அவ கதை வேற. தொப்பிய எடுத்துட்டு முடிய அவுத்து உடுவா, ரெண்டு கையாலயும் கோதுவா, திரும்ப கொண்டை போட்டுனு போயிடுவா. அதுக்கு மட்டும் நான் அந்தாண்ட திரும்பி நிப்பேன்.

– ஏன்?

– புருசன் செத்து கொஞ்ச மாசம்தான் ஆவுது மேடம். டெய்லி டப்பால ஒரு மொழம் பூவு கொண்டாருவா. வெக்கலாமா வேணாமான்னு அவளுக்கே இன்னும் முடிவு ஆவல. வெக்காம திரும்ப எட்த்துனு போவா. நான் பாத்துகினு நின்னா அவளுக்கு வெக்கத் தோணுனாலும் வெக்க மாட்டா இல்ல? அதான்.

– அவகிட்ட நீ 'வச்சுக்கோ'ன்னு சொல்லலாம்லா?

– நான் யாரு மேடம் சொல்ல? வெக்கிறதும் வெக்காததும் அவ பாடு.

– அது சரி. கண்ணாடி ஓரத்துல இத்தன பொட்டு ஒட்டியிருக்கே. நீ பொட்டு வைக்க மாட்டியே.

– அதுங்க ஒட்டிட்டு போறது. மறுநாளு எடுத்து வெச்சுக்கும். கோணலா வெச்சா நான் நேராக்கி உடுவேன். எனக்கு கண்ணுக்கு இட்ற சுர்மா போதும்.

– லத்தீஃபா, நான் ஒண்ணு கேக்கேன், தப்பா எடுத்துக்கிடாத. பூ வச்சு பவுடர் போட்டாத்தான் பொம்பளையா? எனக்கு இந்தப் பேச்சே சின்ன வயசுல இருந்து ஆகாது. பாளையங்கோட்டைல எங்கம்மை ஒரு நாள் விடாம சொல்லுவா. 'கால அகட்டி உக்காராத, சத்தமா சிரிக்காத, மெதுவா நட, அப்பத்தான் பொம்பளப்பிள்ளயா லட்சணமா இருக்கும்.' அதயெல்லாம் ஒதறிட்டுத்தான் நான் இவ்வளவு தூரம் வந்தேன். இப்ப இங்க வந்து, பொம்பளைங்க பவுடர் போட டைம் குடுங்கன்னு மேல போயி நான் எப்படிச் சொல்லுவேன்?

– உங்க அம்மா சொன்னது அடுத்தவங்க பாக்குறதுக்கோசரம். இங்க பாக்க யாரு கீறா? நானு ஒருத்தி. பேன்ட்டு சட்ட போட்டுகினு.

– அப்படியும் சொல்லிர முடியாதுல்லா. வெளிய போனா ட்ரெயின்ல நாலு பேரு பாக்கத்தான போறாவ. அதுக்காகக்கூட இருக்கலாம்.

– இருக்கலாம். நான் இல்லன்னு சொல்லல. எனக்கும் அது சரியா புரியல மேடம். ரேஷ்மா தொடைச்சிட்டு போறத பாத்தா நீங்க சொல்றது இல்லன்னு தோணும். இன்னொரு பொண்ணு 'அக்கா, பிளாட்பாரத்துல அவரு நிப்பாரு, கண்ணு மை சரியா கீதா'ன்னு கேக்க சொல்ல நீங்க சொல்றதுதான் சரின்னு தோணும். எல்லாத்துக்கும் ஒரே மாதிரி இன்னா பதில் சொல்றது?

– உனக்குன்னு ஒண்ணு இருக்கும்லா? சுர்மா தவிர?

– எனக்கா? கையி.

– கையா?

– அத்தினி பேர தொட்ற கையி மேடம். இடுப்புல, முதுகுல, சில சமயம் ஜாக்கெட்டு ஓரத்துல. சொரசொரன்னு இருந்தா அவங்களுக்கு கூசும். நகத்த ஒட்ட வெட்டிடுவேன். காலைல பஸ்ஸு ஏறங்கினதும் ரெண்டு சொட்டு தேங்காண்ண தேச்சுகினு துணில ஒத்தி எடுத்துடுவேன். அவங்களுக்காகத்தான் ஆரம்பிச்சேன். இப்ப லீவு நாள்ல கூட தேய்க்கிறேன். என் பொண்ணு, 'ம்மா, உன் கை மட்டும் பணக்காரி கை'ன்னு கிண்டல் பண்றா.

– குடு பாப்போம். ஆமா, மெத்துன்னு இருக்கு.

– ஒண்ணு சொல்லட்டா மேடம்? கோச்சுக்க மாட்டீங்களே?

– சொல்லு.

– காலண்டரத் திருப்புனதுல இருந்து மூணு நாலு தபா காது கிட்ட முடிய ஒதுக்கிட்டீங்க. பேசினே கண்ணாடியத்தான் பாக்குறீங்க.

– அட, போம்மா.

– உங்களுக்கு இன்னா பழக்கம்? நான் எல்லாருதும் சொன்னேன் இல்ல.

– வெளிய சொல்லிராத. வீட்ல இருந்து வேல பாக்கேன்லா சில நாள்? காட்டுப்பாக்கத்துல எங்க பிளாட்ல. மீட்டிங்ல முக்கால்வாசி கேமரா ஆஃப்லதான் இருக்கும். நைட்டியோட உக்காந்திருப்பேன். ஆனாலும் ஜிமிக்கி போடாம எனக்கு மீட்டிங்ல பேச வராது.

– ஜிமிக்கியா?

– ஆமா. ஆடுற ஜிமிக்கி. அந்தப் பக்கம் மும்பைல ஒருத்தரு என்னய விரட்டு விரட்டுன்னு விரட்டிட்டு இருப்பாரு. நான் தலைய ஆட்டுனா காதுகிட்ட அது ஆடும். உடனே எனக்கு குரலு வந்துரும். ஒருக்கா மறந்துட்டேன். அன்னைக்கு அவரு சொன்னதுக்கெல்லாம் சரி சரின்னுட்டு வந்துட்டேன். பைத்தியமான்னு நெனப்பே.

– நெனைக்க மாட்டேன் மேடம். அந்த ஜிமிக்கிய டப்பால போட்டு வாங்கி வெச்சுகினா, நீங்களும் சாயங்காலம் இங்க நிப்பீங்க.

– நிப்பேன். நின்னுதான் ஆகணும். மணி அடிக்கப் போவுதா?

– இன்னும் கொஞ்ச நேரம் கீது. இந்த நேரத்துலயே உள்ள எல்லாம் கடிகாரத்தப் பாக்க ஆரம்பிச்சிருக்கும்.

– சரி, கேட்டுக்கோ. டில்லிபாபுக்கு மெயில் போகாது. நீ இங்கனயேதான் இருக்கே. பக்கத்துல பழைய அட்டைப்பெட்டி அடைச்சு வச்சிருக்க ரூம் இருக்குல்லா? அதை ஒழிக்கச் சொல்லுதேன். பெரிய கண்ணாடி, லைட்டு, கை கழுவ ஒரு பைப்பு. நீ இங்க செக் பண்ணி அனுப்பு. அவ அவ அங்க போயி நின்னுக்கிடட்டும். லைனும் தேங்காது, சூப்ரவைசருக்கும் வாய் இருக்காது. அவருகிட்ட நானே பேசுதேன்.

– நெசமாவா மேடம்?

– நெசமாத்தான். மேல கேட்டா லைன் தேங்குறதுக்கு வழி பண்ணுனேன்னு சொல்லிக்கிடுதேன். பவுடர்னு சொன்னா ஆவாது.

– ஞானம்மாக்காவாண்ட நான் சொல்லட்டா? இல்ல வேணாம். ரூமு வரட்டும், அவங்களே பாக்கட்டும்.

– ஒண்ணு மட்டும் எனக்கு ஒதைக்கி. காலையில கேன்டீன்ல பத்து பதினஞ்சு பேர்ட்ட கேட்டேன். எல்லாவளும் அக்கா அக்கான்னு உருகுதாளுவ, ஒருத்தி உன்னக் குறை சொல்லல. அப்போ போன் பண்ணுனது எவ? அவகிட்டயும் பேசணும். பாவம், அவளுக்கு நெசமாவே ட்ரெயினு போயிருக்கும்லா.

– யாருக்கும் ட்ரெயினு போவல மேடம்.

– அது உனக்கு எப்படித் தெரியும்?

– கண்ணாடி வேணும்னு சூப்ரவைசராண்ட கேட்டேன். டில்லிபாபு சாராண்ட கேட்டேன். உங்க ஆபீஸ் வாசல்ல வந்து நின்னேன், மேல உடல. யாரும் காதுல போட்டுக்கல. அப்பால, லேடீஸ் செக்கிங்ல கீற லத்தீஃபா சரியில்லன்னு ஒரே ஒரு போன் பண்ணேன். மறுநாளே நீங்க வந்துட்டீங்க.