வாளியோடு நடக்கும் கால்

"அண்ணே, வாளியக் கீழ வெச்சா கால் எகிறுதே!"

மலாயாவில் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களை ஒடுக்கிய அவசரகாலத்தில் ஒருநாள், மெர்லிமாவிலிருந்து மலாக்கா போகும் பஸ்ஸில் இது என் காதில் விழுந்தது. சொன்னவர் பக்கவாதம் வந்து தேறிய, ரப்பர் தோட்டத்துப் பால்மரத் தொழிலாளி. காலடியில் இரண்டு பால் வாளிகள், நிறையத் தண்ணீர். தொங்கும் பாதத்தைத் தூக்கிவிட, முழங்காலுக்குக் கீழே தோல்வாரும் சைக்கிள் ஸ்பிரிங்கும் கட்டியிருந்தார். அதைச் செய்த, தோட்டத்து இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பிட்டர் பக்கத்தில் இருந்தார்.

"நீ பால் தூக்கிட்டு நடக்கறப்பதானே அளவெடுத்தேன். கைய வீசி நடப்பேன்னு நான் கண்டேனா?"

"இன்னிக்கு டாக்டர் நடக்கச் சொல்லுவாரு. நல்லா நடந்தாத்தான் மறுபடி பாலுக்கு மரம் வெட்ட விடுவாங்க. ஸ்பிரிங்கக் கொஞ்சம் தளத்துங்களேன்."

"தளத்துனா நாளைக்குப் பாலோட மேடு ஏற முடியாது. அதான் வாளியையும் எடுத்துட்டு வரச் சொன்னேன் லா."

சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். காட்டிலிருக்கும் கெரில்லாக்களுக்கு அடியில் அரிசி ஒளித்திருக்கிறதா என்று மலாய் போலீஸ்காரர் வாளிகளைக் கவிழ்த்தார். பிறகு கால் ஸ்பிரிங்கைப் பார்த்துத் தொழிலாளியை நடக்கச் சொன்னார். இரண்டாவது எட்டிலேயே கால் எகிறி, செருப்பு பறந்து சாவடிக் கூரைமேல் விழுந்தது. போலீஸ்காரருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. பிட்டர் மலாயில் விளக்கியதும் அவரே குழாயடியில் வாளிகளை நிரப்பிக் கொடுத்தார். தொழிலாளி இரண்டையும் தூக்கிக்கொண்டு, ஒற்றைச் செருப்போடு, சீராக நடந்து வந்து ஏறினார்.

"டாக்டர் வாளிய வெளிய வெக்கச் சொன்னா என்னண்ணே பண்றது?"

"அவரத் தள்ளி நிக்கச் சொல்லு லா."