சீதேவிப்பிள்ளைக்குப் பொன்னாடை

இல்லகா தங்கச்சி, நான் உங்களக் குத்தம் சொல்லல்ல. காத்தான்குடியில ஏறினதுல இருந்து போனுக்குள்ள அந்த ஏஐக்கிட்ட நீங்க என்னமோ கேட்டுக்கிட்டு வந்தத எட்டிப் பாத்திட்டன், அதாலதான் இந்தக் கதைய எடுத்த. நீங்களும் கெம்பஸா? ஆ, படிச்சு முடிச்சு இப்ப டீச்சர். அப்ப நீங்க கட்டாயம் கேக்கணும். டவுனுக்குப் போக முந்தி சொல்லி முடிச்சிருவன்.

கஜானி எண்டு ஒரு புள்ள. எங்கட ஊர்தான், ஆத்தங்கரையில ஊடு. கெம்பஸில கடைசி வருசம். அவட ஹில்மி சேர் ஒரு வேலை குடுத்திரிக்கார். ஆத்துல இறால் தடவுற பொம்புளையள் பத்துப் பேரத் தேடிப் போய்க் கதைச்சு, அவங்க சொல்லுறத அப்பிடியே எழுதிக்கிட்டு வரணும். தடவுற எண்டா தெரியாதா? நெஞ்சளவு தண்ணிக்குள்ள குந்திக்கிட்டு, சேத்துக்குள்ள கைய விட்டுத் துழாவிப் புடிக்கிற. வலை கிலை ஒண்டுமில்ல. இடுப்புல கட்டின ஓலைப் பறி பின்னால மிதந்து வரும், புடிச்சத அதுக்குள்ள போடுற.

படலையத் தொறந்தா அந்தப் பொம்புளையள் ஈரச் சீலையோட போறது தெரியும். போய்க் கேக்க வெக்கமாம். கெம்பஸுக்கு இறால் மணம் மணக்காமப் போகணுமெண்டு மூணு தரம் சோப்புப் போடுற புள்ள, என்ன செய்யிற?

போனத் தூக்கி அந்த ஏஐக்கிட்டக் கேட்டா. ஒரு பிளேன்டீ ஆற முந்தி அது பத்துப் பேரப் பெத்துக் குடுத்திட்டு. பேர், வயசு, புள்ளைகள், கவலை எல்லாம் அளவா. அதுல ஒரு ஆள்தான் சீதேவிப்பிள்ளை, வயசு ஐம்பத்தெட்டு. அவ சொன்னதாம், இந்த வாவி என் தாய், இதன் அலைகள் என் கண்ணீரைத் தாலாட்டுகின்றன எண்டு. சிரிக்காதீங்க. நாங்க அத வாவி எண்டே சொல்லுறல்ல, ஆறு எண்டுதான் சொல்லுற. அலையும் இல்ல. மாரியில காத்தடிச்சா ஒள்ளம் ஆடும், அவ்வளவுதான். தாலாட்டுக் கேக்க நிண்டா கெளுத்தி குத்திப் போட்டு ரெண்டு நாளைக்குக் கை வீங்கிக் கிடக்கும்.

ஆனா சேர் அத வாசிச்சு அழுதிட்டாராம். வகுப்புல எல்லாருக்கும் முன்னால கண்ணாடியக் கழட்டித் துடைச்சாராம். மத்த ஒம்பது பேரையும் விட்டிட்டு, மகளிர் தினத்துக்கு இந்தத் தாய மேடையில ஏத்திப் பொன்னாடை போத்துவம் எண்டிட்டார்.

புள்ளைக்கு உண்மையாக் காய்ச்சல் வந்திட்டு. சீதேவிப்பிள்ளைக்கு வருத்தம் சேர், எழும்ப ஏலாமக் கிடக்கா எண்டு சொல்லிப் பாத்தா. வாகனம் அனுப்புறன் எண்டார். பாசிக்குடாவுக்கு மகன்ட ஊட்ட போயிட்டா எண்டா. அங்கயும் வாகனம் போகும்தானே எண்டார். செத்துப் போனா எண்டு சொல்லுவமா எண்டும் யோசிச்சிரிக்கா. கூடப் படிக்கிற யதுர்ஷன்தான் மறிச்ச. செத்தா எண்டா சேர் நினைவுப் பேருரை வெப்பார், அதுக்குச் சொந்தக்காரர் பத்துப் பேர் வேணும், அவங்கள எங்க போய்த் தேடுற எண்டானாம்.

நெசத்தச் சொல்லலாம்தான். சொன்னா அந்தப் பாடம் முட்டை. விசாரணை வெப்பாங்க, பட்டம் கிடைக்குமோ தெரியா. அதுதான் வாயப் பொத்திக்கிட்டா.

அதுக்குள்ள அழைப்பிதழும் அடிச்சு வந்திட்டு, சேர்ட கையொப்பத்தோட. நல்ல செந்தமிழ். ஆனா அடியில ஒரு வரிய அழிக்க மறந்திட்டார். இதை இன்னும் உருக்கமாக மாற்றித் தரட்டுமா எண்டு கிடக்கு! ஓம், சேரும் அதுக்கிட்டத்தான் கேட்டிரிக்கார். ஆரும் கவனிக்கல்ல. முந்நூறு அடிச்சுக் குடுத்தும் போட்டாங்க.

எழுதினதும் அது, அழைச்சதும் அது. மேடையில ஏற மட்டும் அதுக்குக் கால் இல்ல. அதுக்குத்தான் ஆள் தேடினாங்க. நாடகம் நடிக்கிற பொம்புளை ஒராளக் கேட்டுப் பாத்தாங்களாம். எனக்கு இறால் தின்னத் தெரியும், புடிக்கத் தெரியா, ஆரும் கேள்வி கேட்டா மாட்டிக்குவன் எண்டிட்டா. கடைசியில நெசமா இறால் தடவுற ஒராளத்தான் புடிச்சாங்க.

ஓம், நான்தான். அதாலதான் இந்தப் புதுச் சீலையும் பவுடரும். எண்ட நெசப் பேர் கேதீஸ்வரி. இண்டைக்கு மட்டும் சீதேவிப்பிள்ளை. இருபத்தேழு வருசமா இறங்கிறன், கையப் பாருங்க, நகம் இரிக்கா?

இந்தாங்க, எழுதித் தந்த துண்டு. நீங்க டீச்சர்தானே, ஒருக்காப் பாத்துக்கங்க, நான் சொல்லுறன். இந்த வாவி என் தாய். இதன் அலைகள் என் கண்ணீரைத் தாலாட்டு... தாலாட்டுகின்றன. கின்றனதான் வாயில வருகுதில்ல. கணவனை இழந்த நான் நம்பிக்கையை இழக்கவில்லை. அவரா? அவர் ஊட்ட இரிக்கார், வெத்திலை போட்டுக்கிட்டு. மேடையில மட்டும்தான் செத்திட்டார்.

சொந்தமாச் சொல்லலாம்தான். முந்தநாள் அவங்களுக்குச் சொல்லியும் காட்டின. தண்ணிக்குள்ள ஒரு பக்கம் விறைச்சுப் போறத, முதலை கிடந்தா கொக்கு இருக்கிற இருப்புல தெரியுமெண்டத, எல்லாம் சொன்ன. அதுல உருக்கம் காணாதாம், துண்டுல உள்ளதையே சொல்லட்டாம்.

கல்லடிப் பாலம் வந்திட்டு. மேடைக்குப் பயமா எண்டா? இல்லகா. ஒண்டுக்குத்தான் பயம். காலையில எனக்குத் தலை வாரி விடக்குள்ள மூணு தரம் சொன்னவள், பொன்னாடை போத்தக்குள்ள நான் முன்வரிசையில இரிப்பன், என்னப் பாத்து மகள் எண்டு மட்டும் கூப்புட்டிராதீங்கம்மா, பெத்த தாயெண்டு தெரிஞ்சா எல்லாம் பிடிபட்டிரும் எண்டு.

ஓம், கஜானி எண்ட மூத்தவள். அந்தா, முன்சீட்டுல காதுல பாட்டுப் போட்டுக்கிட்டு இரிக்கிறவள்தான். ஒண்டாத்தான் ஏறின நாங்க. முதல்ல அவள் இறங்கட்டும். நான் ஒள்ளம் பிந்தி இறங்கிறன்.